ஏழு கோரிக்கைகளும் ஒரு வெல்கமும்

'வெல்கம்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அர்த்தம் என் மாமாவுக்குத் தெரியுமா, தெரியாதா?

பல வருடமாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். தெரியும் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. தோட்டவெளிக் கிராமத்தில் அவருடைய வீட்டு வாசலிலேயே அந்தச் சொல் எழுதிய தும்பு மிதியடி கிடந்தது. தினமும் அதில் கால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். தெரியாது என்று சொல்லவும் காரணம் இருக்கிறது. காலால் மிதிக்கிற எழுத்தை யார் நின்று வாசிக்கிறார்கள்? போதாததற்கு மாமி அந்த மிதியடியை எப்போதும் திருப்பித்தான் போடுவார். வீட்டுக்குள் வருகிறவர்களுக்கு அது தலைகீழாகவும், வெளியே போகிறவர்களுக்கு நேராகவும் தெரியும்.

மாமா என் அம்மாவின் அண்ணன். மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரத்தின் கீழ் வாடகைக்குக் கார் ஓட்டினார். அது ஒரு பழைய ஏ-40. உடம்பு சாம்பல் நிறம், வலது பக்கக் கதவு மட்டும் நீலம். வேறொரு காரிலிருந்து வந்த கதவு. யுத்த காலத்தில் பெற்றோல் கிடைக்காதபோது மண்ணெண்ணெயில் ஓடிய கார் அது. குளிர் காலை என்றால் மாமா ஒரு சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் எடுத்துவந்து எஞ்சினுக்குச் சொட்டுச் சொட்டாகப் புகட்டுவார். என் மகனுக்குப் பால் கொடுத்த காலத்தில் அந்தக் காட்சி அடிக்கடி நினைவுக்கு வந்து, போத்தலைக் கூடுதலாக ஒருமுறை கொதிநீரில் போடுவேன். மாமா என்னையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிச் செல்வதும் அதே காரில்தான். மீன் ஏற்றிய மறுநாள் எங்கள் சீருடையில் அந்த வாடை இருக்கும். வகுப்பில் எனக்குப் பக்கத்துக் கதிரை பெரும்பாலும் வெறுமையாக இருந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பில் படித்த வருடம், ஓட்டோக்கள் பெருகிவிட்டதால் பழைய கார்களை வேப்பமரத்தடியிலிருந்து எடுக்கப் போகிறார்கள் என்று ஒரு கதை பரவியது. யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. தேநீர்க் கடையில் ஒருவர் இன்னொருவருக்குச் சொன்னதாம். ஆனால் மாமாவுக்கு அந்த மரத்தடி போனால் எல்லாம் போனதுதான். கார் தரிப்பிடத்தில் நின்றால்தான் ஆட்கள் வந்து கூப்பிடுவார்கள். தோட்டவெளிக்கு நடந்து வந்து யார் கார் கேட்பார்கள்?

அந்த நேரத்தில்தான் பஸ் நிலையத்து மின்கம்பத்தில் ஒரு அறிவித்தல் ஒட்டப்பட்டது. "பழைய கார்ப் பேரணி. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மன்னார் நகரை வந்தடையும்." அதற்கு மேல் ஒரு விளக்கமும் இல்லை.

எங்கள் ஊரில் பேரணி என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். சனங்கள் வெயிலில் பதாகை பிடித்து நடப்பார்கள். கறுப்புக் கொடி கட்டுவார்கள். கச்சேரி என்று நாங்கள் சொல்லும் அரசாங்கக் கந்தோரின் வாசலுக்குப் போய், கோரிக்கைகளை வரிசையாக எழுதிய மனுவைப் பெரிய ஒருவரின் கையில் கொடுப்பார்கள். அந்த மனுவுக்குப் பெயர் மகஜர். வாங்குகிறவர் அதை இரண்டு கையாலும் வாங்க வேண்டும், பக்கத்தில் ஒருவர் படம் எடுக்க வேண்டும். ஒற்றைக் கையால் வாங்கினால் அது குப்பைக்குப் போகிறது என்று அர்த்தம்.

மாமா அறிவித்தலை இரண்டு தரம் வாசித்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"கண்டியே தங்கச்சி? நாடு முழுக்க உள்ள பழைய கார்க்காரர் எல்லாரையும் தரிப்பிடத்தால எழுப்பப் போறாங்கள் போல. எல்லாரும் சேர்ந்து வருகினம். நாங்கள் மன்னார்க்காரர் பாத்துக்கொண்டு நிக்கிறதோ?"

"உனக்கு ஆர் அண்ணை சொன்னது?" என்று அம்மா கேட்டார்.

"ஆர் சொல்ல வேணும்? அச்சடிச்சு ஒட்டிக் கிடக்கு!"

அச்சடித்த ஒன்றோடு அம்மா ஒருபோதும் வாதாடுவதில்லை. அந்தக் குணம் எனக்கும் வந்திருக்கிறது. மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதை இன்றைக்கும் நான்கு தரம் வாசித்துவிட்டுத்தான் பிள்ளைக்குக் கொடுக்கிறேன்.

மகஜர் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. குடும்பத்தில் என் கையெழுத்துத்தான் வடிவு. வியாழக்கிழமை பின்னேரம் மேசையில் தாளை விரித்து, அடிமட்டத்தால் கோடு போட்டுக்கொண்டு இருந்தேன். மாமா பின்னால் கைகட்டி நடந்தபடி சொல்லத் தொடங்கினார்.

"மாண்புமிகு எண்டு போடு."

"ஆருக்கு மாமா?"

"அது கடைசியில பாப்பம். முதல் மாண்புமிகுவைப் போடு."

முதலில் மூன்று கோரிக்கைகள்தான் இருந்தன. தரிப்பிடத்தை எடுக்கக் கூடாது, வேப்பமரத்தை வெட்டக் கூடாது, ஓட்டோக்கள் முன்னுக்கு வந்து நிற்கக் கூடாது. மூன்று கோரிக்கை என்றால் மதிக்கமாட்டார்கள், குறைந்தது ஏழு வேண்டும் என்று மாமா யோசித்தார். தரிப்பிடத்தில் கழுதைகள் படுப்பதைத் தடுக்க வேண்டும் என்பது நான்காவது. பஸ் நிலையத்தில் பெண்களுக்கு ஒழுங்கான கழிப்பறை வேண்டும் என்பது மாமியுடையது. தண்ணீர்க் குழாய் ஒன்று வேண்டும் என்பது அம்மாவுடையது. ஏழாவது யாருக்கும் வரவில்லை. கடைசியில் மாமா, "மேற்படி ஆறையும் உடன நிறைவேற்ற வேணும் எண்டு ஏழாவதாப் போடு" என்றார்.

எழுதி முடித்ததும் அதே போல இன்னொன்று எழுதச் சொன்னார். "மகஜர் எண்டா பிரதி ஒண்டு இருக்க வேணும் பிள்ளை." கார்பன் தாள் வைக்கட்டுமா என்று கேட்டேன். கார்பனில் மரியாதை இல்லையாம். கை வலிக்க வலிக்க இரண்டாவதையும் எழுதினேன். 'நிறைவேற்ற' என்பதில் எந்த 'ற' முதலில் வரும், எந்த 'ற' பிறகு வரும் என்று அன்று வந்த குழப்பம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. இரண்டும் ஒரே 'ற'தான் என்று தெரியும். ஆனாலும் எழுதும்போது ஒரு கணம் நிற்பேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வகுப்புக்கு வந்த ரீச்சர் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கடதாசிக் கொடி தந்தார்.

"நாளைக்குக் காலமை எல்லாரும் சீருடையோட வரவேணும். கொழும்பில இருந்து பெரிய ஆக்கள் தங்கட பழைய கார்களைக் கொண்டு ஊர் சுத்தி வருகினம். றோட்டுக் கரையில நிண்டு வரவேற்க வேணும்."

யாரோ ஒரு பிள்ளை எழுந்து, அவர்களுடைய கோரிக்கை என்ன ரீச்சர் என்று கேட்டாள். எங்கள் வீட்டில் மட்டுமில்லை, வேறு வீடுகளிலும் இதே விளக்கம்தான் போயிருக்கிறது. ரீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். ஆங்கிலத்தில் ரலி என்று இருந்ததை யாரோ தமிழில் பேரணி என்று போட்டுவிட்டார்களாம். கோபமும் இல்லை, கோரிக்கையும் இல்லை. வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு. பிறகு, நாற்பது பேரும் ஒரே குரலில் "வெல்கம் டு மன்னார்" என்று சொல்லிப் பழகினோம். பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து முறைக்கும்வரை பழகினோம்.

நான் சிரிக்கவில்லை. கடதாசிக் கொடியைப் புத்தகப் பைக்குள் மடித்து வைத்தேன்.

வீட்டுக்குப் போனதும் மாமாவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வெளியே வந்தபோது, கார் ஏற்கெனவே கழுவி, சக்கரமெல்லாம் துடைத்து நின்றது. மாமி பழைய குடை ஒன்றைக் கிழித்துக் கறுப்புக் கொடி செய்து கொடுத்திருந்தார். அதை மாமா முன்பக்கக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கட்டியிருந்தார். வழியெல்லாம் பாட்டு வேறு. சேமக்காலையின் கல்லறைகளைத் தாண்டும்போது மட்டும் பாட்டை நிறுத்திச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, சும்மா பகிடிபோலச் சொன்னார்:

"இதுவும் சரிவராட்டி, காரை வித்துப்போட்டுக் கட்டாருக்கு உழைக்கப் போறன். அங்க ஆரும் மரத்தைக் கேட்டுச் சண்டைக்கு வரமாட்டாங்கள். மரமே இல்லையாம்."

நான் உண்மையைச் சொன்னால் பேரணி இல்லை, பேரணி இல்லாவிட்டால் மகஜர் இல்லை, மகஜர் இல்லாவிட்டால் மரத்தடி இல்லை, மரத்தடி இல்லாவிட்டால் மாமா கட்டாரில். ஆகவே சொல்லவில்லை. அன்று செபமாலை சொல்லும்போது மாதாவிடம் மட்டும் ஒப்புக்கொண்டேன். மாதா யாருக்கும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மரத்தடியில் மாமாவின் கார் மட்டும்தான் நின்றது. மற்ற மூன்று பழைய கார்க்காரரில் ஒருவருக்கு மடுக் கோயிலுக்கு ஓட்டம், ஒருவருக்கு வயிற்றுவலி, ஒருவர் "நீ முதல் குடு, நான் பிறகு கையெழுத்து வைக்கிறன்" என்றாராம். நான் ரீச்சரிடம் போக வேண்டும் என்றேன். மாமா விடவில்லை. "மகஜர் எழுதின ஆள் பக்கத்தில நிக்க வேணும். கேள்வி கேட்டா ஆர் மறுமொழி சொல்லுறது?" வீதிக்கு அந்தப் பக்கம் என் வகுப்பு முழுவதும் கொடியோடு நின்றது. ரீச்சர் என்னைப் பார்த்தார். கறுப்புக் கொடியைப் பார்த்தார். மாமாவின் கையில் இருந்த நீளமான கடித உறையைப் பார்த்தார். கையை மெதுவாக வாயில் வைத்தார்.

பத்தே காலுக்குக் கார்கள் வந்தன. ஒவ்வொன்றும் முகம் பார்க்கலாம் போல மின்னியது. சிவப்பு, பச்சை, பாலாடை நிறம். கூரை இல்லாதவை கூட இருந்தன. உள்ளே கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் போட்டவர்கள் சிரித்துச் சிரித்துக் கையசைத்தார்கள். மாமா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாத்தியே பிள்ளை, கொழும்பில ஹயர் ஓட்டம் நல்லாக் கிடைக்குது போல. எண்டாலும் பாவங்கள். இவ்வளவு வடிவான காரையும் எடுக்கச் சொல்லுறாங்கள். அதுக்குள்ளயும் சிரிச்ச முகமா வருகினம்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆறாவதோ ஏழாவதோ காராக ஒரு ஏ-40 வந்தது. மாமாவுடையதைப் போலவே, ஆனால் இரண்டு கதவும் ஒரே நிறத்தில். ஓட்டியவர் உயரமான ஒரு பெண்மணி. வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கையுறை. சரியாக அந்த நேரம் இரண்டு கழுதைகள் வீதியைக் கடக்கத் தொடங்கி, நடுவில் வந்ததும் எண்ணத்தை மாற்றி நின்றுவிட்டன. பெண்மணி காரை நிறுத்தினார். கழுதைகள் போன பிறகு கார் போகவில்லை. எஞ்சின் இருமியது, ஓய்ந்தது. பின்னால் வந்த கார்கள் எல்லாம் நின்றன. பிள்ளைகளின் "வெல்கம்" கூட நின்றது.

மாமா ஓடினார். தோழர் ஒருவரின் வண்டி நடுவழியில் நின்றால் விட்டுவிட முடியுமா? பெண்மணியிடம் கேட்காமலே முன்மூடியைத் திறந்தார், மூக்கை உள்ளே நீட்டினார். வெயிலுக்குப் பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிட்டது, குளிரப் பண்ணினால் சரி என்று எனக்குச் சொன்னார். ஈரத்துணி வேண்டும். சுற்றிப் பார்த்தார். வேறு துணி இல்லை. எங்கள் கறுப்புக் கொடியை அவிழ்த்து, என் தண்ணீர்ப் போத்தலை அதில் ஊற்றி, பெற்றோல் பம்பைச் சுற்றிக் கட்டினார். பிள்ளையைச் சுற்றுவதுபோல அவ்வளவு பக்குவமாக. கொஞ்ச நேரம் காத்திருந்து, திருகச் சொல்லிக் கையால் காட்டினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

வீதி முழுவதும் கைதட்டியது. பெண்மணி இறங்கி வந்து சிங்களத்தில் ஏதோ சொன்னார். மாமாவுக்குத் தெரிந்த சிங்களம் சோதனைச் சாவடிகளில் படித்தது. "ஒன்றும் இல்லை ஐயா, மீன்தான்" என்பதுதான் அதில் பெரிய வசனம். அதைச் சொல்லாமல் மாமா சட்டையைச் சரிசெய்துகொண்டார். கடித உறையை எடுத்தார். கொஞ்சம் குனிந்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

அந்தப் பெண்மணி கையுறையைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் வாங்கினார். தொப்பி போட்ட ஒருவர் படமும் எடுத்தார்.

மாமாவின் முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தை அதற்குப் பிறகு என் கல்யாணத்தில்தான் பார்த்தேன்.

பெண்மணி தாளைப் பிரித்தார். என் கோடுகள், என் வட்டமான எழுத்துக்கள், இலக்கம் போட்ட ஏழு பந்திகள். சீருடையில் நின்ற என்னைப் பார்த்துக் குனிந்து, இதில் என்ன எழுதியிருக்கிறது மகள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேள்வி எனக்கு விளங்கியது. விளங்காமல் இருந்திருக்கலாம்.

"சொல்லு பிள்ளை, ஒண்டும் விடாமச் சொல்லு" என்று மாமா என் முதுகைத் தட்டினார்.

தரிப்பிடத்துக்கு எனக்கு ஆங்கிலம் தெரியாது. வேப்பமரத்துக்குத் தெரியாது. கழிப்பறைக்குத் தெரியும், ஆனால் அதை எப்படி முதலில் சொல்வது? வீதிக்கு அந்தப் பக்கம் ரீச்சர், இந்தப் பக்கம் மாமா, நடுவில் வெள்ளைத் தொப்பி. நாற்பது பேரோடு பழகிய வாய் தானாகத் திறந்தது.

"வெல்கம்" என்றேன்.

பெண்மணி தாளைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பின்பக்கமும் பார்த்தார். இவ்வளவுமா என்று கேட்டார்.

"வெல்கம். வெல்கம் டு மன்னார்" என்றேன். அது கொஞ்சம் குறைவாகப் பட்டதால், "வெரி மச்" என்றும் சேர்த்தேன்.

அவர் மகஜரை நெஞ்சில் வைத்துக்கொண்டார். கண் கலங்கியது போல இருந்தது. வெயிலாகவும் இருக்கலாம். தன் காரில் ஒட்டியிருந்ததைப் போன்ற ஒரு வட்ட ஒட்டுத்தாளை எடுத்துவந்து, மாமாவின் காரின் முன்கண்ணாடியில் தன் கையாலேயே ஒட்டினார். பின்னால் வரும்படி கையைக் காட்டினார். அப்படியாக எங்கள் சாம்பல் நிறக் கார், நீலக் கதவோடும் மீன் வாடையோடும், அந்தப் பளபளப்பான வரிசையில் சேர்ந்து பள்ளிமுனையில் நிற்கும் அந்தப் பென்னம்பெரிய பெருக்க மரம்வரை போனது. வழியில் சனம் எங்களுக்கும் கொடி அசைத்தது. கூட்டத்தில் மாமி நின்றார். எங்கள் காரில் இருந்த தன் கறுப்புக் கொடி எங்கே போனது என்று தேடிக்கொண்டு நின்றார்.

"வாங்கீட்டா பாத்தியே! ரெண்டு கையாலயும் வாங்கீட்டா!" வீட்டுக்கு வரும்வரை மாமா இதையே சொன்னார்.

திங்கட்கிழமை காலை எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்ற வந்தபோது, மாமா சனிக்கிழமை போட்ட அதே வெள்ளைச் சட்டையைத் திரும்பவும் தோய்த்து மினுக்கிப் போட்டிருந்தார். முன்னால் இன்னொரு நீளமான உறை கிடந்தது. நான் எழுதிய இரண்டாவது பிரதி.

"மகஜர்தான் குடுத்தாச்சே மாமா?" என்று கேட்டேன்.

"பிரதி குடுக்க வேணும் பிள்ளை. அதுதான் முறை." கியரை மாற்றிவிட்டுச் சொன்னார்: "நீ அண்டைக்கு வடிவாத்தான் சொன்னனீ."

எங்களை இறக்கிவிட்டுக் கார் கச்சேரிப் பக்கம் திரும்பியது. கொடுத்து முடித்த ஒன்றைத் திரும்பக் கொடுக்க ஏன் இவ்வளவு மினுக்கல் என்று மட்டும்தான் அன்று நினைத்தேன். தப்பிவிட்டேன் என்ற சந்தோசத்தில் வகுப்புக்குள் ஓடினேன். ரீச்சரும் ஒன்றும் கேட்கவில்லை. என்னைக் காணும்போதெல்லாம் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார், அவ்வளவுதான்.

மரத்தடியிலிருந்து கார்களை யாரும் எடுக்கவில்லை. மகஜரால் எடுக்கவில்லையா, பிரதியால் எடுக்கவில்லையா, அல்லது எடுக்கும் எண்ணமே யாருக்கும் இருக்கவில்லையா, தெரியாது. தண்ணீர்க் குழாய்கூட இரண்டு வருடம் கழித்து வந்தது. மாமா கட்டாருக்குப் போகவில்லை.

ஆனால் அன்றிலிருந்து நல்லது கெட்டது எதற்குக் கூடினாலும் மாமா இந்தக் கதையைச் சொல்வார். ஒவ்வொரு தரமும் முடிவு ஒரே மாதிரி. "ஏழு கோரிக்கை! ஏழையும் ஒரே சொல்லில சொல்லி முடிச்சவள் என்ர மருமகள்!" எல்லோரும் சிரிப்பார்கள். நான் நிலத்தைப் பார்ப்பேன். சின்ன வயதில் அது பாராட்டு என்று நினைத்தேன். இப்போது அந்த 'ஒரே சொல்லில' என்பதைச் சொல்லும்போது அவர் கண் என் பக்கம் வருகிறதா, வரவில்லையா என்று பார்க்கப் பயமாக இருக்கிறது. முப்பது வருடம் பாதிரிமாரையும் வெளிநாட்டுக்காரரையும் ஏற்றி இறக்கிய மனிதர். வழியில் ஒரு வாழைப்பழம் வாங்கினாலும் எந்த ஊர்ப் பழம், யார் கொண்டுவந்தது என்று கேட்கிறவர். நான் அந்தப் பெண்மணியிடம் சொன்னது என்ன என்று இன்றுவரை ஒருதரம்கூடக் கேட்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை என் மகனுக்கு ஐந்தாவது பிறந்தநாள். மாமா நேற்றே தொலைபேசியில் சொல்லிவிட்டார். "இந்தமுறை அந்தச் சொல்லை நீயே எழும்பிச் சொல்ல வேணும் பிள்ளை. உன்ர மகன் கேக்கட்டும், தாயின்ர இங்கிலீசை." அங்கேதான் சிக்கல். போன மாதம் முன்பள்ளியில் மகனுக்கு அந்தச் சொல்லைப் படிப்பித்துவிட்டார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் ஓடிப்போய், "வெல்கம்! வெல்கம் எண்டா வாங்கோ!" என்று தமிழிலும் சேர்த்துச் சொல்லுகிறான். மீன் கொண்டுவருகிறவரிடமும் சொல்லுகிறான். ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேருக்கு முன்னாலும் சொல்லுவான்.

மாமாவுக்கு உண்மையாகவே தெரியாது என்றால், எழுபது வயதில், பிறந்தநாள் வீட்டில், ஐந்து வயதுப் பிள்ளையின் வாயால் அது தெரியவரும். அவருக்கு முன்பே தெரியும் என்றால், பதினைந்து வருடமாக எனக்காகக் காத்துவந்த ஒன்றை நானே போட்டு உடைத்தவளாவேன். முன்கூட்டியே தனியாகப் போய் ஒப்புக்கொள்ளலாம். ஒப்புக்கொள்ள வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. மகனிடம், அந்தச் சொல்லை அன்றைக்கு மட்டும் சொல்லாதே என்று கேட்கலாம். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க ஒரு தாய் பிள்ளைக்குப் பழக்கலாமா?

பிள்ளை வளர்த்தவர்கள், மாமன்மாரை வைத்திருப்பவர்கள், யாராவது சொல்லுங்கள். நான் எழும்பி அந்தச் சொல்லைச் சொல்லட்டுமா, விடட்டுமா? ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்குக் கேக் வெட்டுகிறோம். மாமா மூன்றரைக்கே வந்துவிடுவார். வாசலில் என் மகன் நிற்பான்.